நல்ல செய்தி, டாக்டர்

"தலையை ஆட்டாதீங்க, ஹென்றி" என்றார் முடிவெட்டுகிற டுவேன். ஹென்னிங் தலையை ஆட்டாமல் வைத்துக்கொண்டான். அவன் பெயர் ஹென்றி இல்லை, ஹென்னிங். வந்த புதிதில் நாலு பேரிடம் திருத்திச் சொல்லிப் பார்த்தான், அவர்களும் "ஓ, ஹென்றி!" என்று சந்தோஷமாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அதோடு விட்டுவிட்டான். ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் என்ற ஊரில் பிறந்து வளர்ந்து, பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் உறை போடுகிற இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி அனுப்பியதால் மனைவி மகளோடு இந்தச் சின்சினாட்டிக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணிக்குள் கைகள் இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தன, மூக்கு அரித்தது, சொரிய வழியில்லை. எதிர்க் கண்ணாடியில் தலை மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் சுவரோரத்து பெஞ்சில் இம்கே, அவன் மகள், பன்னிரண்டு வயது, மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே வைத்த தண்ணீர்ப் புட்டியை அவள் கை தேடியது, பெஞ்சின் மேல் தடவிக்கொண்டே போய், புட்டியைத் தாண்டிப் போய், திரும்பி வந்து பிடித்தது. அவன் கண்ணை எடுத்துக்கொண்டான். இந்த நாட்களில் எதை நினைக்க ஆரம்பித்தாலும் அது சுற்றிக்கொண்டு வந்து இம்கேயின் கண்ணில்தான் நிற்கிறது. ஆனால் ஒருவேளைதானே. டாக்டரே ஒருவேளை என்றுதானே சொன்னார். "பாப்பா, இன்னும் நேரமாகுமா?" என்றாள் இம்கே ஜெர்மனில். அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பாவைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மாவை மாமா என்பார்கள். நமக்குச் சிரிப்பு வரும், அவர்களுக்கு வராது. ஒரே சத்தம் ஊருக்கு ஊர் வேறு வேறு அர்த்தத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தெரியாமல் மிதிப்பவன் கால்தான் வெட்டுப்படும். "ஆச்சு, ஆச்சு" என்றான் ஹென்னிங், தலையை ஆட்டாமல்.

டுவேன் பேசிக்கொண்டே வெட்டுகிறவர். அறுபது தாண்டிய ஆள், பெரிய வயிறு, மெல்லிய கை. அவருடைய கொள்ளுத்தாத்தாவும் ஜெர்மனியிலிருந்து வந்தவராம், எந்த ஊர் என்று கேட்டால் ஹனோவரோ ஹாம்பர்கோ ஏதோ ஒன்று என்றார். இங்கே பாதிப் பேருக்கு இப்படி ஒரு கொள்ளுத்தாத்தா இருக்கிறார். வந்த முதல் வாரத்தில் பக்கத்து வீட்டம்மாள் ஒரு தட்டில் ஏதோ வறுத்துக் கொண்டுவந்து கொடுத்து, "உங்க ஊர்ச் சாப்பாடு, கெட்டா, ஊர் ஞாபகம் வருதா?" என்று கேட்டாள். கெட்டா என்பது பன்றிக்கறியும் ஓட்ஸும் சேர்த்து வேகவைத்துக் கட்டியாக்கி வறுத்தது. அவனும் மனைவி டோர்ட்டேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனாலும் டோர்ட்டே, "ஆமாம், எங்க ஊர் மாதிரியே" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். நகரத்தின் நடுவில் ஒரு பகுதிக்கு ரைன் நதிக்கு அப்பால் என்று பெயர். முதல் ஞாயிற்றுக்கிழமையே நதியைத் தேடிக்கொண்டு போனான். நதி இல்லை. அந்தக் காலத்தில் குடியேறிய ஜெர்மன்காரர்கள் ஒரு கால்வாய்க்கு வைத்த செல்லப்பெயராம் அது, அந்தக் கால்வாயையும் எப்போதோ மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். ரொட்டியை அழுத்தினால் கடற்பஞ்சு போல அமுங்கித் திரும்ப எழும்பும். இதெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டில் பேசிக்கொண்ட விஷயங்கள். மொழி மட்டும் ஒரு தொந்தரவும் தராது என்று அவன் நம்பியிருந்தான். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, தண்ணீருக்கு வாட்டர் என்றால் வாஸர், வீட்டுக்கு ஹவுஸ் என்றால் அங்கேயும் ஹவுஸ். தெரியாத வார்த்தை வந்தாலும் முகஜாடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று டோர்ட்டேயிடம் பெருமையடித்தான். இயந்திரங்களோடு வருகிற தடித்தடி ஆங்கிலக் கையேடுகளை ஜெர்மன் மூலத்தோடு ஒப்பிட்டு அவன்தான் சரிபார்ப்பான். அவனை யாரும் ஒரு திருகாணிக்குக்கூட ஏமாற்ற முடியாது.

டுவேன் தன் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்டர் என்று ஒரு கிழட்டு நாய். காதுக்குப் பக்கத்தில் கத்தரி கிர்க் கிர்க் என்று போய்க்கொண்டிருந்தது, வெளியே நவம்பர் மழை, கடைக்குள் ஈரக் கோட்டு வாசனையும் பவுடர் வாசனையும். ஹென்னிங் பாதிக் காதில்தான் கேட்டான். நாய் சாப்பிடவில்லை, பின்னங்கால் இழுத்துக்கொண்டது, டுவேனின் பெண்சாதி கஞ்சி வைத்துக் கரண்டியால் ஊட்டினாள், கால்நடை டாக்டரிடம் போனார்கள், வந்தார்கள். "ஈவென்ச்சுவலி அது செத்துப்போச்சு" என்றார் டுவேன். கத்தரி நின்றது, பெருமூச்சு விட்டார், மறுபடி கத்தரி. ஹென்னிங்கின் மனத்தில் ஏதோ இடறியது. ஒரு சின்ன இடறல்தான், ஓடுகிற பட்டையில் ஒரு பொட்டலம் கோணலாக வந்தால் இயந்திரம் ஒரு நொடி முனகுமே, அந்த மாதிரி. ஒருவேளை செத்துப்போச்சு. அது என்ன ஒருவேளை செத்துப்போவது? ஜெர்மனில் எவென்டுவெல் என்றால் ஒருவேளை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மழை எவென்டுவெல் வரும், அதாவது வரலாம், வராமலும் போகலாம். ஆங்கிலத்தில் வால் கொஞ்சம் மாறி ஈவென்ச்சுவலி. ஒருவேளை நாய் ஓடிப்போய்விட்டதோ, எங்கே செத்தது என்று தெரியாதோ, அதனால் அப்படிச் சொல்கிறாரோ. "மன்னிக்கணும்" என்றான் ஹென்னிங். "உங்க நாய் செத்துப்போச்சா, இல்ல, செத்திருக்கலாம்னு நினைக்கிறீங்களா?" டுவேன் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். "கொல்லையில நானே குழி தோண்டிப் புதைச்சேன், ஹென்றி." "இல்ல, அந்த வார்த்தை. ஈவென்ச்சுவலின்னு சொன்னீங்களே. அதுக்கு என்ன அர்த்தம்?" "அர்த்தம்னா?" டுவேன் சீப்பைத் தொடையில் தட்டி யோசித்தார். யாரும் அவரிடம் இதுவரை அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதில்லை. "கொஞ்சம் முன்னபின்ன ஆகும். நாள் இழுக்கும். ஆனா கடைசியில நடந்துடும். நாமெல்லாம் ஒருநாள் போய்ச் சேரப்போறோம் இல்ல? அந்த மாதிரி." "கண்டிப்பாவா?" "அது கண்டிப்பு இல்லன்னா வேற எதுதான் கண்டிப்பு?" என்று சிரித்தார் டுவேன். "இப்பத் தலையை ஆட்டாதீங்க, காது பக்கம் வர்றேன்."

ஆட்டவில்லை. ஆட்டாமல் அப்படியே இருந்தான். முதலில் வந்தது வெந்நீர் இயந்திரம் ரிப்பேர் செய்கிற ஆள்தான், வேறு எதுவும் இல்லை, மனம் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எட்டாத இடத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. குடிவந்த மாதம் வெந்நீர் வரவில்லை, வீட்டுக்காரர் போனில், ஈவென்ச்சுவலி ஆள் வருவான் என்றார். ஒருவேளை வருவானாம், வேலை செய்கிற லட்சணம் என்று திட்டிவிட்டு மூன்று பேரும் கடைக்குப் போய்விட்டார்கள். ஆள் வந்து கதவைத் தட்டி மழையில் நின்றுவிட்டுப் போயிருந்தான். அடுத்தது ஆபீஸ். சோப்பு உறை போடுகிற இயந்திர வரிசையை ஈவென்ச்சுவலி நதிக்கு அக்கரையில் இருக்கிற பழைய தொழிற்சாலைக்கு மாற்றுவோம் என்று மானேஜர் சொன்னார். ஒருவேளைதானே என்று ஹென்னிங் தன் ஆட்களைத் தைரியமாக இருக்கச் சொன்னான், ஒருத்தன் அவனை நம்பி இந்தப் பக்கமே வீடு பிடித்தான். வரிசை போயிற்று. அப்போது இவர்கள் பேச்சுமாறிகள் என்று டோர்ட்டேயிடம் கொதித்தான். யாரும் மாறவில்லை. எல்லாரும் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். பக்கத்து வீட்டம்மாள், அந்த மேப்பிள் மரம் ஈவென்ச்சுவலி விழும் என்றாள், விழுந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், ஒவ்வொன்றும் நடந்திருந்தது. வரிசையில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதன் பக்கம் போகாமல் மரத்திலேயே நின்றான், எவ்வளவு பெரிய மரம், இலையுதிர் காலத்தில் என்ன சிவப்பு, ஒரு கிளை கார் மேல் விழாமல் போனது அதிர்ஷ்டம்தான், காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, இருந்தாலும். துணிக்குள் கை வியர்த்துப் பிசுபிசுத்தது. மூக்கின் அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. இம்கேயின் கண். ஈவென்ச்சுவலி இவளுக்குப் பார்வை போய்விடும் என்றார் டாக்டர்.

வெள்ளைச் சுவர் அறை. இம்கேயின் கண்ணில் மருந்து விட்டு, மேலே காகிதத்தில் செய்த கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள், நாற்காலியில் கால் எட்டியும் எட்டாமலும் ஆட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் அம்மாள் நல்லவர், சின்ன வயது, அவர்கள் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். விழித்திரையில் பரம்பரையாக வருகிற நோய். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும், குழாய் வழியாகப் பார்ப்பது போல. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் வரும், உங்கள் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இதெல்லாம் அவனுக்குச் சரியாகத்தான் புரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, ஊரில் மாலை நேரத்தில் அவள் வாசற்படியில் தடுக்கி விழும்போதெல்லாம், பார்த்து நடக்க மாட்டாயா, கண் எங்கே இருக்கிறது என்று கத்தினது உட்பட எல்லாம் புரிந்தது. அப்போதுதான் அந்த ஒரு வார்த்தை வந்தது, ஒருவேளை, கதவைத் திறந்துவிட்டது போல. ஒருவேளைதானா! இவ்வளவு நேரம் பயமுறுத்திவிட்டு! இந்த ஊர்க்காரர்கள் எதையும் பெரிதுபடுத்தித்தான் சொல்வார்கள் என்று நினைத்தான். உடம்பெல்லாம் லேசாகி, எழுந்து, டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப நன்றி, டாக்டர், இது நல்ல செய்தி" என்றான். நல்ல செய்தி. அந்த டாக்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் வாய் கொஞ்சம் திறந்தது, மூடியது. அது வியப்பு என்று நினைத்தான், ஒரு தகப்பன் எவ்வளவு தைரியமாக இருக்கிறான் என்ற மரியாதை என்றுகூட நினைத்தான், சீ. உன் பெண் குருடாகப் போகிறாள் என்று ஒருத்தர் சொல்ல, அதற்கு நல்ல செய்தி என்று கை குலுக்கியவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் காகிதக் கண்ணாடி அவன் பக்கம் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த முகத்தில் என்ன இருந்தது என்று ஞாபகம் இல்லை. அவன் பார்க்கவில்லை. அவன் டாக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

டோர்ட்டே கார் நிறுத்தும் இடத்தில் தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவன் எரிச்சல்பட்டான். குழந்தை பார்க்கிறாள், என்ன இது, டாக்டர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டாயா இல்லையா, ஒருவேளைதானே என்றார். டோர்ட்டே அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, "ஆமாம், ஒருவேளைதான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். தன் பேச்சில் சமாதானமாகிவிட்டாள் என்று அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு திருப்தி. அவளுக்கு ஆங்கிலம் அவனைவிட நன்றாக வரும், வந்த ஆறாம் மாதமே நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டப் போக ஆரம்பித்தவள். அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அப்படியானால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேறு. அம்மாவும் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கி விளையாடினார்கள், கீழே யார் முதலில் தடுமாறாமல் வருவது என்று, அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நடுவராக இருந்தான். சமையலறையில் உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று எல்லாவற்றுக்கும் இடம் குறித்து, எடுத்தால் எடுத்த இடத்தில் வை என்று திடீரென்று டோர்ட்டே கண்டிப்பாகிவிட்டாள். ஆக ஆக ஜெர்மன்காரியாகிக்கொண்டே போகிறாய் என்று கேலி செய்தான். இந்தக் குளிர்காலத்திலேயே கடலைப் பார்க்கப் போகலாம், பெரிய மலைகளைப் பார்க்கப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். லீவு இல்லை, அடுத்த வருஷம் போகலாம், மலை எங்கே ஓடிப்போகிறது என்றான். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த பாத்திரத்தை. இம்கே சாப்பாட்டு மேஜையில் அவன் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள் என்று கோபித்துக்கொண்டானே, எதிரே இருப்பவரை அப்படி முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று. ஐயோ. அவள் முறைக்கவில்லை. அந்த முகத்தை அவள் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன், குனிந்து சூப்பைக் குடி என்றான்.

அவனுக்கும் தெரியாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு திருகாணியின் பெயர் சந்தேகம் என்றால் மூன்று அகராதி பார்க்கிறவன், கையேட்டில் ஒரு கமா இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவன், மகளின் கண்ணைப் பற்றிய நோயின் பெயரை ஒரு தடவைகூட கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கவில்லை. இணையத்தில் கண்டதையும் படித்துப் பயப்படாதீர்கள், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதைப் பிடித்துக்கொண்டான், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டான். டோர்ட்டே ஏதோ படித்துக்கொண்டிருந்து அவன் வந்ததும் சட்டென்று மூடினால், என்ன என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் ஒரு சுகம் இருந்தது, குளிரில் போர்வைக்குள் காலை இழுத்துக்கொள்வது போல. அப்படியானால் தெரியும், எங்கேயோ அடியில் தெரியும், அந்த வார்த்தையை அவன் தப்பாகக் கேட்கவில்லை, தனக்கு வேண்டிய மாதிரி கேட்டுக்கொண்டான். இல்லை. அவனுக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தந்த வாத்தியார்மேல்தான் தப்பு. வாத்தியார் என்ன செய்வார், பாவம், அவர் செத்துப்போயே எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஈவென்ச்சுவலி. "கண்ணுல முடி விழுந்துடுச்சா?" என்றார் டுவேன். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்ததை அவன் கண்ணாடியில்தான் பார்த்தான். "ஆமா" என்றான். டுவேன் பூப்போன்ற பிரஷ்ஷால் கன்னத்தையும் இமையையும் துடைத்துவிட்டார், மெதுவாக, குழந்தைக்குத் துடைப்பது மாதிரி. கண்ணாடியில் இம்கே தெரிந்தாள். அவள் பக்கத்தைப் புரட்டி வெகு நேரமாகியிருந்தது. இவள் கேட்டிருப்பாளா? டுவேன் சத்தமாகப் பேசுகிறவர். கேட்டிருந்தாலும் என்ன புரிந்திருக்கும், ஒரு நாய் செத்த கதைதானே. ஒன்று மட்டும் நிச்சயம், இவளுக்குத் தெரியக்கூடாது. இவள் இன்னும் ஒருவேளை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், அவன்தானே அவளுக்கு அப்படிச் சொன்னான், சனிக்கிழமை சனிக்கிழமையாக, காரில், பூங்காவில், பல் தேய்க்கும்போது, ஒருவேளைதான் செல்லம், பயப்படாதே என்று. அதை அவளிடமிருந்து பிடுங்கக்கூடாது. முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். டுவேன் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பிடரியைக் காட்டினார். பிரமாதம் என்றான் ஹென்னிங். தன் பிடரி யாருடையதோ போல இருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது, ஆனால் வானம் தெளியவில்லை. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தான். நடைபாதை முடிகிற இடத்தில் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனான். "பிடிக்க வேண்டாம் பாப்பா, பகல்தானே" என்றாள் இம்கே. கையை எடுத்துக்கொண்டான். முடி வெட்டிய கழுத்தில் குளிர்ந்த காற்று பட்டது. என்ன பேசலாம் என்று தேடினான், மதியம் என்ன சாப்பிடலாம் என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

"டுவேன்கிட்ட அந்த வார்த்தையைக் கேட்டியே."

"எந்த வார்த்தை? அதுவா? சும்மா, மொழி விஷயம். ஆபீஸ்ல ஒரு சந்தேகம்."

"பாப்பா." அவள் நின்றுவிட்டாள். தலையைக் கொஞ்சம் திருப்பி, அவன் முகம் முழுவதும் தெரிகிற மாதிரி பார்த்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். ஸ்கூல்ல தினமும் காதுல விழற வார்த்தை அது. டாக்டர் சொன்னதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. நீ நல்ல செய்தின்னு சொன்னதும், உனக்குப் புரியலைன்னும் புரிஞ்சுடுச்சு."

அவனுக்கு மூச்சு எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு கார் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. இவ்வளவு நாளும், ஒருவேளைதான் செல்லம் என்று அவன் சொன்னபோதெல்லாம், சரி பாப்பா என்று இந்தக் குழந்தைதான் தலையாட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளைத் தேற்றவில்லை. அவள்தான் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "அம்மாவும் நீயும் பேசிக்கிட்டீங்களா?" என்று கேட்டான். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"மறுநாளே. உன்கிட்ட சொல்லிடணும்னு அம்மா ரெண்டு தடவை வந்தாங்க. நீ சமையலறையில முட்டை வறுத்துக்கிட்டு விசில் அடிச்சிட்டிருந்தே. ரெண்டு தடவையும் வாசல்லேர்ந்தே திரும்பி வந்துட்டாங்க. வீட்டுல ஒருத்தராவது விசில் அடிக்கட்டும்னாங்க."

அவன் எதிரே இருந்த சைக்கிள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அது ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும், கத்தினதற்கு, மலை எங்கே ஓடிப்போகிறது என்றதற்கு, சூப்பைக் குடி என்றதற்கு, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட பேசறேன்" என்றான். "எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு சொல்லிடறேன். இனிமே மூணு பேரும் சேர்ந்தே..."

"வேண்டாம்" என்றாள் இம்கே.

"ஏன்?"

"நீ தெரியாம இருக்கறதை வெச்சுத்தான் அம்மா இருக்காங்க. நீ விசில் அடிச்சா அவங்க சாப்பிடறாங்க. நான் பார்த்திருக்கேன்." அவள் குரலில் அழுகை இல்லை. பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள், பல நாள் தனியாக யோசித்து வைத்திருந்தாள் என்பது தெரிந்தது. "கொஞ்ச நாளைக்கு. அம்மா சரியாகற வரைக்கும்."

நீ எப்போது சரியாவாய் என்று கேட்க வாய் வரவில்லை. பாக்கெட்டில் போன் அடித்தது, டோர்ட்டே. எடுத்தான். முடி வெட்டியாகிவிட்டதா, வரும்போது ரொட்டி வாங்கி வர முடியுமா, அந்தக் கடற்பஞ்சு வேண்டாம், ஆற்றோரத்துக் கடையில் கறுப்பு ரொட்டி கிடைக்கும் என்றாள். சரி என்றான். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "இம்கே எப்படி இருக்கா? இன்னிக்கு வெளிச்சமே இல்லையே, எங்கேயாவது தடுக்கினாளா?" என்று கேட்டாள். இம்கே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று அவன் முகத்தை அவளுக்கு நேராக வைத்துக்கொண்டான். "ஜோரா இருக்கா" என்றான். "நீ ஏன் சும்மா சும்மா கவலைப்படறே? அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே, ஒருவேளைதான்னு." "ஆமாம்" என்றாள் டோர்ட்டே. "ஒருவேளைதான்." அதில் ஒரு சிறு சிரிப்பு இருந்தது, அது எவ்வளவு களைத்த சிரிப்பு என்று இப்போதுதான் அவன் காதுக்குக் கேட்டது. போனைப் பாக்கெட்டில் போட்டான். விசில் அடிக்க உதட்டைக் குவித்துப் பார்த்தான், வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி குவித்தான்.

"ரொட்டி வாங்கறதுக்குள்ள வந்துடும்" என்றாள் இம்கே. "இன்னொரு தடவை அடி."